என்னை மன்னித்துவிட்டாளாம்!

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன் எழுதிக்கொள்வது. வணக்கம். நீங்கள் அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்; உங்களை யாரும் மன்னிக்கவில்லை. நான் இங்கே சௌக்கியமாக இல்லை. என்னை மன்னித்துவிட்டார்கள். அதுவும் நாலு பேர் பார்க்க.

உங்கள் மகள் கல்யாணத்திலிருந்து நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்கும் நினைவிருக்கிறது. இருந்தாலும் தங்கையைக் கண்டிக்க வேண்டிய பொறுப்பு அண்ணனுக்கு உண்டு என்பதால் ரோஷத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

தபால் ஆபீசில் காலமெல்லாம் நின்றுகொண்டே ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவன் நான். ஓய்வு பெற்றதும் கொஞ்சம் உட்காரலாம் என்றிருந்தேன். அது பொறுக்கவில்லை உங்கள் தங்கைக்கு. எங்கள் தெரு நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. மனிதன் மனிதனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டுமென்று ஒவ்வொரு சமயமும் என்ன சொல்கிறது என்பது பாடம். போய்விட்டுத்தான் வரட்டுமே என்று விட்டுவிட்டேன். ஆனால் அங்கே பாடம் மட்டும் இல்லை மச்சான், வீட்டுப்பாடமும் இருக்கிறது! வாரம் ஒரு கருத்து. அதை வீட்டில் செய்து பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டுமாம். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான் இருக்கிறேன்.

முதலில் அந்நியரை உபசரித்தல். குழாய் ரிப்பேருக்கு வந்தவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். அவர் கூச்சத்தோடு ஆரம்பித்து, என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டு, என் கட்டிலில் ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுப் போனார். குழாய் இன்னும் ஒழுகுகிறது. மறுவாரம் சமத்துவம். "ஆணும் பொண்ணும் சமம்னு எல்லா மதத்துலயும் யாராவது ஒருத்தர் சொல்லித்தான் இருக்காங்க. இந்தாங்க" என்று துடைப்பத்தை என் கையில் கொடுத்தாள். பெருக்கினேன். நான் பெருக்கிய இடத்தையே அவள் மறுபடியும் பெருக்கினாள். இது என்ன சமத்துவம்? அதற்கடுத்தது பற்றின்மை. பற்றைத் துறக்க வேண்டியவள் அவள்; துறக்கப்பட்டது என் சாய்வு நாற்காலி. மாடி வீட்டுக்காரர் இப்போது அதில் சாய்ந்துகொண்டு ரேடியோ கேட்கிறார். "அது என் நாற்காலிடீ!" என்றேன். "அந்த 'என்'தான் பிரச்சினைன்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் மன்னிப்பு வந்து சேர்ந்தது.

"சும்மா வந்து உட்காருங்க, டீ தருவாங்க" என்று என்னையும் கூப்பிட்டாள். நம்பிப் போனேன். டீச்சரம்மா நல்ல மாதிரிதான். தப்பு செய்தவன் வருந்திக் கேட்ட பிறகுதான் மன்னிப்பு என்று சொல்பவர்கள் உண்டு, கேட்காமலே கொடுத்துவிடலாம் என்பவர்களும் உண்டு, எல்லாரையும் மன்னித்துவிட்டால் நியாயம் என்ன ஆவது என்ற கேள்வியும் உண்டு என்று நிதானமாக விளக்கினார். நான் முதல் கட்சி என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டிருக்கும்போதே உங்கள் தங்கை எழுந்து நின்றாள். "நான் என் வீட்டுக்காரரை மன்னிக்கிறேன்" என்றாள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பி எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

என் குறட்டைக்கு மன்னித்தாள். அவளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது நான் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்ததற்கு மன்னித்தாள். அவள் பாடும்போதெல்லாம் நான் ஜன்னலைச் சாத்துவதற்கு மன்னித்தாள். அது அக்கம்பக்கத்தார் மேல் எனக்கிருந்த கருணை மச்சான், கருணையும் பாடத்தில் வருகிறதே! பின்வரிசையில் சிரித்தார்கள். கடைசியில் அவள் குரல் இறங்கிவிட்டது. "எங்க அண்ணன்கூட இத்தனை வருஷமா என்னைப் பேச விடாம வச்சதுக்கும் மன்னிச்சுட்டேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. டீச்சரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவளுக்கு இல்லை, எனக்கு!

நீங்களே சொல்லுங்கள். கல்யாண மண்டபத்தில் எங்களைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தது யார்? நானா? மாப்பிள்ளைக்கு மீசை உண்டா இல்லையா என்பதே இன்றுவரை எனக்குத் தெரியாது. தூணைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். கோபித்துக்கொண்டு எழுந்து வந்தேன், அவளையும் கூட்டிக்கொண்டு வந்தேன், இனி அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றேன், அவ்வளவுதானே? ஆகவே அந்த மன்னிப்பு நியாயப்படி உங்களுக்குச் சேர வேண்டியது. முகவரி மாறி எனக்கு வந்துவிட்டது. அடுத்தவர் தபாலை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. இத்துடன் உங்களுக்கே அனுப்பிவிட்டேன்.

"நான் என்னடீ தப்பு பண்ணேன்?" என்று வீடு வரும் வரைக்கும் கேட்டேன். "அதான் மன்னிச்சாச்சே, விடுங்க" என்கிறாள். சண்டைக்கு வந்தால் பதிலுக்குச் சண்டை போடலாம். மன்னித்தவளை என்ன செய்ய முடியும்? சோறு போடும்போதுகூட மன்னித்த முகத்தோடு போடுகிறாள். அடுத்த பாடம் சமரசமாம். அதற்குள் நீங்கள் நாலு வரி கண்டித்து எழுதி அவளை வகுப்பிலிருந்து நிறுத்தியாக வேண்டும்.

உங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். மகளுக்கும், முகம் தெரியாத மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
மன்னிப்பே கேட்காத
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை. ஸ்டாம்ப் தேடப் போய்த் திரும்பி வந்தால் அவள் இதைப் படித்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தபால்ல போட்டா எப்பப் போய்ச் சேருமோ. நானே கொண்டு போய்க் குடுத்துடறேனே" என்றாள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டேன். மச்சான், மேலே எழுதியதில் ஒன்றையும் செய்ய வேண்டாம். அவளைக் கண்டிக்க வேண்டாம். படியேறினால் மூச்சு வாங்கும், முதலில் உட்காரச் சொல்லுங்கள். இதை உங்கள் தெருமுனை மருந்துக்கடை வாசலில் நின்று எழுதுகிறேன். "எழுதினது போதும், நீங்களும் வாங்க" என்று பேனாவைப் பிடுங்குகிறாள். கூப்பிடாத வீட்டுக்கு நான் எப்படி வருவது? இங்கேயேதான் நிற்பேன். உங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிவேன், நீலச் சட்டை. லேசாகக் கையை அசைத்தால்கூடப் போதும்.