கப்பல் பாயின் நாற்காலி

ஆம்பூரில் கடல் கிடையாது என்று பூகோளப் புத்தகம் எழுதியவர் கப்பல் பாயைச் சந்தித்ததில்லை. அவர் வாயைத் திறந்தால் பாலாற்று மணலில் அலை அடிக்கும்.

எங்கள் டேனரியில் பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவர். ஒரே ஒருமுறை, முதலாளிக்குத் துணையாக, மாதிரித் தோல்களைச் சுமந்துகொண்டு பம்பாயிலிருந்து ஜெனோவாவுக்கு ஓர் இத்தாலிக் கப்பலில் போய்வந்தார். அன்று முதல் அந்தக் கப்பல் அவர் தூரதேசத்தில் கட்டிக்கொடுத்த பெண்.

"பெரிய சண்டை முடிஞ்சப்புறம் கட்னாங்க. மொதல்ல அமெரிக்காவுக்குப் போய்னு வந்துனு இருந்தா. அங்க குடியேற வர்ற ஜனத்தக் கம்மி பண்ணிட்டான். இன்னா பண்ணுவா, பாவம்? நம்ம பம்பாய்ப் பக்கம் வந்துட்டா."

"அம்மாம் பெரிய கப்பல்ல நீ இன்னா பாத்த பாய்?" என்பார் தொட்டியில் தோல் மிதிக்கும் முனுசாமி.

"நாற்காலி."

பளிங்குத் தூண், சரவிளக்கு, பியானோ எதுவும் அவர் கண்ணில் படவில்லை. முதலாளியைத் தேடி முதல் வகுப்புக் கூடத்துக்குள் போனவர், ஒரு தோல் நாற்காலியின் முதுகை முகர்ந்திருக்கிறார். அதில் தூங்கிக்கொண்டிருந்த துரை அலறி எழுந்தாராம். தோல் பதனிட நாங்கள் போடும் ஆவாரம்பட்டை வாசனை. எங்கள் ஊர்ச் சரக்கேதான். உப்புக்காற்றில் வறண்டு, ஓரமெல்லாம் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"இன்னொரு வருசம் உட்டா கிழிஞ்சிடும்பா. எண்ண காட்டணும்."

அந்தக் கவலையில், கல்யாணப் பிரியாணியில் கறி குறைந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஆம்பூர்க்காரருக்கு இதைவிடப் பெரிய நோய் கிடையாது.

முதலாளி மறுபடி அதே கப்பலுக்குப் புறப்பட்டபோது, ரயிலடியில் ஒரு நல்லெண்ணெய்ப் புட்டியை நீட்டினார் பாய்.

"முதல் வகுப்புல போறவன் பாய் நானு. நாற்காலிக்கு எண்ண தேய்க்கவா?"

"அந்த நாற்காலியும் முதல் வகுப்புலதான் போவுது, முதலாளி."

திரும்பி வந்த முதலாளி நேராகப் பாயிடம் வந்தார். எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துத் தேய்த்தாராம். கப்பல் சிப்பந்தி பிடித்துவிட்டான். பாஷை தெரியாத முதலாளி, நாற்காலியை முகர்ந்து காட்டினார். அவனும் முகர்ந்தான். போய் ஒரு துணி கொண்டுவந்தான். பக்கத்து நாற்காலியையும் காட்டினான். அன்று மாலை அவற்றில் சாய்ந்த கனவான்களின் வெள்ளைக் கோட்டுகளைப் பற்றி முதலாளி பேச விரும்பவில்லை.

பாய் ஒன்றுதான் கேட்டார். "தோலு குடிச்சுதா?"

"குடிச்சுது பாய்."

பிறகு, இத்தாலி அபிசீனியாமேல் தொடுத்த சண்டைக்குச் சிப்பாய்களை ஏற்றிப்போக அந்தக் கப்பலை எடுத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. பூட்ஸ் காலோடு ஏறி நாற்காலியை நாசமாக்குவார்களே என்று நாங்கள் பாயின் முகத்தையே பார்த்தோம்.

"போவட்டும்பா. வூட்ட உட்டு வந்த பசங்க. சாய்றதுக்கு மெத்துனு ஒண்ணு இருக்குதில்ல."

இப்போதும் தெரியாத ஊரில் தோல் நாற்காலி கிடைத்தால், யாரும் பார்க்காதபோது முகர்ந்து பார்க்கிறேன். ஆவாரம்பட்டை மணம் வந்தால், அந்த ஊர் கொஞ்சம் தெரிந்த ஊராகிவிடுகிறது.