படுத்துக்கொண்ட கோடரி

மூன்றாவது நாளும் கோடரி படுத்துத்தான் கிடந்தது.

குளித்துவிட்டுக் குளியலறையிலிருந்து திரும்பிய வேதசிரோமணி, ஈரத் துண்டோடு வேப்பமரத்தடியில் நின்று அதை முறைத்தார். முந்தின மாலை, மரம் வெட்டும் குப்புராஜ் கற்பூரம் ஏற்றி, அடிமரத்தில் நிமிர்த்திச் சாத்திவிட்டுப் போன கோடரி அது. காலையில் நின்றுகொண்டிருந்தால் மரத்தில் குடியிருப்பவர்கள் சம்மதித்துக் காலி செய்துவிட்டார்கள், வெட்டலாம். விழுந்து கிடந்தால் சம்மதமில்லை. மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருப்பவர்களைக்கூட யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

"வேப்பமரம் சார், அம்மன் சமாச்சாரம்," என்றான் அப்போதுதான் வந்து சேர்ந்த குப்புராஜ். "அவங்க ஒத்துக்காம கைய வெச்சா, நாளைக்கு எனக்குக் கை இருக்காது."

"நான் சர்ச்சுச் சபைச் செயலாளர்ப்பா. எங்க வீட்டு மரத்துல அம்மனுக்கு என்ன வேலை?"

"அது உங்களுக்குத் தெரியும் சார். அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

கணக்கு வாத்தியாரான வேதசிரோமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அவர் அவசரம் அவருக்கு. மே மாதக் கடைசியில் மகள் சரோஜினிக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று மீசையை முறுக்கிக்கொண்டு, "எல்லாருக்கும் பிரியாணி," என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிவிட்டார். அது எழுபத்து நாலாம் வருஷம். மண்ணெண்ணெய்க் கடை வாசலில் டின்கள் வரிசையில் நின்றன, ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள், எண்ணெய் மட்டும் வரவில்லை. கோவளத்துப் பக்கமிருந்து வரும் சவுக்குக்கட்டை வண்டிகளை மேடவாக்கத்திலேயே மடக்கி வாங்கிவிடுகிறார்கள். சமையல்காரர் சவுரிமுத்து கறாராகச் சொல்லிவிட்டார்: "காய்ஞ்ச வெறகு இருந்தா பிரியாணி. பச்சை வெறகுன்னா டீயோட சரி." மரத்தை இப்போதே வெட்டிச் சித்திரை வெயிலில் காயப்போட்டால்தான் உண்டு.

மனைவி யூனிஸுக்கு வேறு கவலைகள். "மரம் கிடக்கட்டும். கிணத்து உருளை கத்துது. கோடாலிப் பிடி ஒடைஞ்சு கிடக்குது, வேலைக்கு வர்ற தபீதாள் தினம் கேக்கறா. சமையக்கட்டு ஓடு ரெண்டு நழுவியிருக்கு. ஏதாவது ஒண்ணைக் கவனிக்கறீங்களா?"

"மரம் விழட்டும். எல்லாத்துக்கும் அதுலயே வழி பண்றேன்," என்றார் அவர், வழக்கம்போல.

மறுநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். குப்புராஜ் வருவதற்குள், படுத்துக்கிடந்த கோடரியைத் தூக்கி நிறுத்தினார். கையை எடுக்கும் முன் கேட்டுக்கு வெளியே இருமல் கேட்டது.

"இன்னா சார், வாத்தியாரே பிட் அடிக்கலாமா?" என்றான் குப்புராஜ், மிகுந்த வருத்தத்தோடு. தீட்டுக் கழிக்க எலுமிச்சம்பழம் வாங்கிவரச் செய்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அடுத்து வேதசிரோமணி, போதகர் ஜெபசீலனை அழைத்து வந்தார். போதகர் மரத்தடியில் நின்று, காக்கைகள் எல்லாம் பறந்து போகும்வரை உரத்த குரலில் ஜெபித்தார். "இனி இங்கே ஒண்ணும் இருக்காது," என்று உறுதி சொல்லி, யூனிஸ் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

காலையில் கோடரி படுத்திருந்தது. போதாக்குறைக்கு அதன் வாய் மழுங்கியிருந்தது.

குப்புராஜ் அதை விரலால் தடவிப் பார்த்தான். "உங்க சர்ச்சு ஐயரு வந்துட்டுப் போனதுல ராத்திரி பெரிய தகராறு நடந்துகீது சார். ரெண்டு பக்கமும் அடி."

விஷயம் காதில் விழுந்ததிலிருந்து போதகர் அடுத்த தெரு வழியாகச் சர்ச்சுக்குப் போகத் தொடங்கினார்.

வேதசிரோமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று மாலை குப்புராஜ் போனதும், துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துவந்து, கோடரியை மரத்தோடு சேர்த்து ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். இனி விழட்டும் பார்க்கலாம் என்று நிம்மதியாகத் தூங்கி, நிம்மதியாகக் குளித்து, துண்டோடு மரத்தடிக்கு வந்தார்.

கோடரி தரையில் படுத்திருந்தது. அதன் தலைமாட்டில் கொடிக்கயிறு அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

குப்புராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "கட்டை அவுத்ததோட நிக்காம, கயித்த எவ்ளோ நீட்டா சுத்தி வெச்சுகீது பாருங்க. சந்தேகமே இல்ல சார், பொம்பள தெய்வம்." கோடரியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மரத்துக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து கேட்டைத் தாண்டினான்.

மத்தியானத்துக்குள் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டியாயிற்று. அடுத்த தெரு செல்லியம்மாள் கூழ்ப்பானையோடு வந்தாள். சாயங்காலம் பெண்கள் மரத்தைச் சுற்றத் தொடங்கியபோது அம்மனுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: கொடிக்கயிற்றம்மன்.

இருட்டுவதற்குள் போதகர் ஜெபசீலன் வந்தார், கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "பிரதர், செயலாளர் வேலையில இருந்து கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்குங்களேன்," என்றார். சவுரிமுத்து ஆளனுப்பி, டீக்கு எத்தனை டம்ளர் என்று கேட்டார். சம்பந்தி வீட்டுக்குச் சேதி எட்டி, "பிரியாணி பிரசாதமாக் கிடைக்குமோ?" என்று கேட்டார்களாம். வேதசிரோமணி, ஒரு மரத்திடம் தோற்றுப்போனோமே என்று ரொம்ப நேரம் புரண்டு படுத்தார்.

மறுநாள் காலை, வெந்நீரில் உட்கார்ந்தாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்று துண்டோடு குளியலறைக்குப் போனார். சித்திரை மாதத்திலும் அவருக்கு வெந்நீர்தான், பச்சைத் தண்ணீர் பட்டால் ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும். அண்டாவில் கையை விட்டவர் துள்ளி வெளியே வந்தார்.

"தபீதா! வெந்நீர் எங்கே?"

விடிவதற்கு முன்பே வந்து, அடுப்பு மூட்டி வேலையை முடித்து, அவர் குளித்து வருவதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விடும் தபீதாள், அன்றைக்கு வேலை ஓடாமல் கிணற்றடியில் நின்றிருந்தாள்.

"கட்டைய பொளந்தாத்தானே சார் அடுப்பு? நம்ம கோடாலிதான் ஒடைஞ்சு கீதே. எனக்குன்னு நீங்க புதுசா ஒண்ணு வாங்கியாந்து மரத்தாண்ட சாத்தி வெச்சிருந்தீங்க, அதையும் நேத்து எவனோ தூக்கிகினு பூட்டான்."

வேதசிரோமணி மஞ்சள் துணி கட்டிய மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் அத எவ்ளோ பத்திரமா பாத்துகினேன் சார்," என்றாள் தபீதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நிக்க வெச்சா நீங்க குளிச்சிட்டு வர்றப்ப கால்ல வுழுந்துரும்னு, தெனம் பொளந்து முடிச்சதும் படுக்க வெச்சுட்டுத்தானே போவேன்."