எதுக்கு பாயின் சுண்டுவிரல்

வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதற்கென்றே ஒருவர் கடை திறந்து வைத்திருந்தார் என்றால், அது உலகத்திலேயே எங்கள் கொடைக்கானல் பஜார் எதுக்கு பாய் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

அவர் விற்றது யூகலிப்டஸ் தைலம். விற்றது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சீசனுக்குக் கீழேயிருந்து வருகிறவர்களுக்கு இங்கே மூன்று கடமைகள் உண்டு. ஏரியைப் பார்ப்பது, பேரிக்காய் தின்பது, ஆளுக்கொரு பாட்டில் தைலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது. மூன்றாவது கடமைக்காக பாயின் கடைப் படியில் கால் வைத்தவர்கள் தொலைந்தார்கள்.

"ஒரு பாட்டில் தைலம் குடுங்க பாய்."

"எதுக்கு?"

"சும்மாதான். வந்ததுக்கு வாங்கிட்டுப் போவோம்னு."

"சும்மாவா? சளியா, மூட்டுவலியா, என்னன்னு சொல்லுங்க."

"வயித்துவலிக்கு வெந்நீர்ல ரெண்டு சொட்டு விட்டுக் குடிச்சா நல்லதுன்னாங்க."

"யாரு சொன்னா? குடிச்சா வயித்துவலி போகாது, ஆளு போயிருவாரு. ஒங்களுக்குத் தைலம் கெடையாது, போயிட்டு வாங்க!"

போனவர்கள் வெகு தூரம் போக வேண்டியதில்லை. அடுத்த கடை பாயின் மைத்துனருடையது. அதே தைலம், அதே பாட்டில். வாசலில் 'சகல நோய்களுக்கும்' என்று பச்சை எழுத்தில் ஒரு பலகை. பாய் விரட்டியவர்களை வரவேற்றே மைத்துனர் மாடி கட்டிவிட்டார் என்று பஜாரில் பேச்சு. "மச்சான் நல்லா இருக்கணும். அவரு வாயிதான் என் கடைக்கு விளம்பரம்" என்று மைத்துனரும் பெருந்தன்மையாகச் சொல்லுவார்.

நான் அப்போது மதுரையில் ஆய்வுக்கூடப் படிப்பு முடித்து, முதல் வேலையாக பஜாருக்கு மேலே இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். இரத்தம், சிறுநீர் சோதிப்பது என் வேலை. ஆள் பற்றாக்குறையால் மருந்து கலக்கிக் கொடுப்பதும் என் வேலை. நோயாளிகள் பாட்டிலை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மலையில் எந்த வீட்டிலும் இருக்கிற பாட்டில் பழைய தைலப் பாட்டில்தான். அதை யாரும் கழுவுவதில்லை. ஆகவே இருமல் மருந்து, காய்ச்சல் மருந்து, வயிற்றுப்போக்கு மருந்து எல்லாம் ஒரே வாசனையில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் வந்த வாரமே பாட்டில்களை வெந்நீரில் கழுவி ஊற்றிக் கொடுக்கத் தொடங்கினேன். மருந்தில் வீரியம் போய்விட்டது என்று உடனே புகார் வந்தது.

"முன்னெல்லாம் மூக்கப் பிச்சுக்கிட்டுப் போவும். இது என்னம்மா பச்சத்தண்ணியா கெடக்கு?" என்று பேத்துப்பாறையிலிருந்து நடந்து வந்த ஒரு அம்மாள் பாட்டிலைத் திருப்பியே கொடுத்துவிட்டார்.

இதைக் கேள்விப்பட்டு என் ஜன்னலுக்கு வந்தவர்தான் எதுக்கு பாய். உயரமான மனிதர்; கழுத்தைச் சுற்றிக் கம்பளி மப்ளர். "பாட்டிலக் கழுவுறீங்களாமே, எதுக்கு?" என்றார். சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து, காலிப் பாட்டிலை மருந்துக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று சத்தியம் செய்கிறவர்களுக்கு மட்டும் தைலம் என்று தம் கடையில் ஒரு புதிய சட்டம் போட்டார். மைத்துனருக்கு வியாபாரம் இன்னும் பெருகியது.

சில மாதங்களில் அவரே நோயாளியாக வந்தார். ஓயாத தாகம், ஓயாத சிறுநீர். நீல நிறக் கரைசலில் சிறுநீரைச் சில சொட்டுகள் விட்டுக் காய்ச்சுவது அன்றைய சோதனை. சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால், அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. மிக அதிகமென்றால் செங்கல். பாயினுடையது நல்ல சூளையில் வெந்த செங்கல்.

"செவந்துருச்சே, அது என்னங்க?" என்றார் ஜன்னல் வழியாக.

"டாக்டர் சொல்லுவார்."

"எனக்குள்ளேருந்து வந்ததுதானே தாயி? எனக்குச் சொல்லக் கூடாதா?"

சொல்லக் கூடாது என்பதுதான் விதி. முடிவைச் சீட்டில் எழுதி டாக்டருக்கு அனுப்ப வேண்டும். நோயாளி கேட்டால் சிரிக்க வேண்டும். நான் சிரித்தேன்.

டாக்டர் கெட்டிக்காரர், பொறுமை மட்டும் அவருக்குப் பாடத்தில் இல்லை. "சர்க்கரை வியாதி. இனிப்பு கூடாது. தினம் ஊசி" என்றார்.

"எதுக்குங்க?"

"நான் சொல்றேன்ல!"

"நீங்க சொல்றது சரிதாங்க. எதுக்குன்னுதான் கேட்டேன்."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. பிறகு டாக்டர் வெளியே வந்து, "அம்மா, இந்த மனுஷன் என்ன கேட்டாலும் நீங்களே சொல்லிருங்க. என்னை விட்டாப் போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு நோயைச் சொல்லலாம் என்ற வழக்கம் இவ்வாறு, அலுப்பின் காரணமாக, தொடங்கியது.

சொன்னேன். இன்சுலின் எதுக்கு என்பதை ஒரு காலை முழுக்கக் கேட்டுவிட்டு, பாய் கையை நீட்டினார். அதற்குப் பிறகு ஒரு நாளும் ஊசிக்குத் தவறவில்லை. ஆனால், எதைத் தின்றால் எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும் தாமே கண்டுபிடிப்பேன் என்று நின்றார். சோதனைக் குழாயையும் ஸ்பிரிட் விளக்கையும் கையாளக் கற்றுக்கொடுத்தேன். வீட்டில் மனைவி சம்மதிக்காததால் ஆராய்ச்சி கடைக்குக் குடிபெயர்ந்தது. தைலப் பாட்டில்களுக்கு நடுவே நின்று குழாயைக் காய்ச்சி, அதை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அந்த நீலத் திரவம்தான் புதுத் தைலம் என்று நினைத்து, அதைக் கேட்டு அடம்பிடித்த பயணிகளும் உண்டு.

விரைவில் உணவுப் பண்டங்கள் பாய்க்கு நிறங்களாகிவிட்டன. "தாயி, பேரிக்கா பாதி பச்சை, முழுசு மஞ்சள். பழனிலேருந்து ஏவாரி கொண்டாந்த பஞ்சாமிர்தம் ஒரே செங்கல். நேத்து வீட்டுல முட்டையும் சீனியும் போட்டு வட்டிலப்பம், அதுவும் செங்கல்."

"ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது பாய். சோதனையில் தவறு இருக்கலாம்" என்றேன், படித்த படிப்புக்கு உண்மையாக.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப வட்டிலப்பத்த இன்னொரு தடவ தின்னு பாத்துர வேண்டியதுதான்!"

ஒரு கல்யாண வீட்டில், பிரியாணி எப்படி என்று கேட்ட மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் "ஆரஞ்சு" என்று சொல்லிவிட்டு வந்ததாகக் கேள்வி. உருளைக்கிழங்கு இனிக்காவிட்டாலும் சிவக்கிறது என்று அவர் பஜார் முழுக்கச் சொன்னபோது, குதிரையில் மூட்டை ஏற்றி வந்த கிளாவரைக் கிராமத்து விவசாயி ஒருவர் கடைக்கே வந்து சண்டை பிடித்தார். "எங்க கெழங்கு ஒங்கள என்ன பாய் செஞ்சுச்சு? ஊரெல்லாம் திங்கிதுல்ல!"

"ஊரு திங்கட்டும்ங்க. நான் எனக்குத்தான் சொன்னேன்" என்றார் பாய். அது உண்மை. வேறு யாரையும் எதையும் விடச் சொல்லி அவர் வற்புறுத்தியதில்லை. அவரவர் தெரிந்து தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் வினை வந்தது. புதுச் செருப்பு கடித்ததை அவர் உணரவே இல்லை. சர்க்கரை வியாதியில் காலில் அப்படி உணர்ச்சி மங்கும். ஊசி போட வந்தபோது நான்தான் பார்த்தேன். இடது கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது.

இந்த மாதிரிச் செய்தியை நோயாளியிடம் சொல்வதில்லை என்பதில் டாக்டர் உறுதியாக இருந்தார். ஊசியும் இனிப்பும் வேறு, கத்தி வேறு. மைத்துனரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். பாய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஒண்ணுமில்ல மச்சான், சின்னதா ஒரு கட்டு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

"கட்டுக்கு எதுக்கு மாப்ளே கையெழுத்து?"

மைத்துனர் மறுபடி கண்ணைத் துடைத்தார். பாய் என்னைப் பார்த்தார். நான் டாக்டரின் கதவைப் பார்த்தேன். பாய் எழுந்து, நொண்டாமலேயே, கடைக்குப் போய்விட்டார்.

அந்த விரலை உடனே எடுக்காவிட்டால் பாதம் போகும், பிறகு கால் போகும், பிறகு ஆளே போகலாம். இது எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், மைத்துனருக்குத் தெரியும். விரலுக்குரியவருக்கு மட்டும் தெரியாது.

மறுநாள் பஜாரே அவர் கடையில் கூடி யோசனை சொன்னது. வெற்றிலையை வாட்டிக் கட்டச் சொன்னார் ஒருவர். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றச் சொன்னார் இன்னொருவர். மைத்துனர் மனம் மாறி, வெட்டாமலே குணப்படுத்தும் பச்சிலைக்காரரிடம் கூட்டிப்போக வண்டி பேசிவிட்டார். எல்லோரையும் பாய் ஒரே கேள்விதான் கேட்டார். "இப்படிக் கறுத்த வெரலுக்கு நீங்க வைத்தியம் பாத்து, இப்ப நடக்குற ஆளு யாரு? காட்டுங்க." எல்லோருக்கும் ஏதோ சோலி நினைவுக்கு வந்து கலைந்தார்கள்.

நான் டாக்டரிடம் போனேன். "அவரிடமே சொல்லிவிட்டால் வந்துவிடுவார்."

"சொன்னா பயத்துலேயே போயிருவான்ம்மா."

"இவரிடம் சொல்லாவிட்டால்தான் போவார்."

டாக்டர் என்னை முறைத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு பஜாருக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன். கடைப் படியில் ஏறி, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "ஒரு பாட்டில் தைலம்" என்றார்.

"எதுக்குங்க?" என்றார் பாய்.

டாக்டர் குடையை மடக்கிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த பெட்டி மேல் உட்கார்ந்தார். விரலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இரத்தம் ஏன் போகவில்லை, கறுப்பு எப்படிப் பரவும், எவ்வளவு வெட்ட வேண்டும் என்று எல்லாம் சொன்னார். பக்கத்துக் கடையிலிருந்து மைத்துனரும் வந்து நின்றார்.

"வெட்டாட்டி என்னாகும்?"

டாக்டர் சொன்னார்.

"வேற வழி?"

"இருந்தா நான் ஏன் மழையில வர்றேன்?"

"வெட்டின பெறகு மேல ஏறாதுன்னு எழுதித் தருவீங்களா?"

டாக்டர் மடக்கிய குடையைத் தரையில் ஊன்றினார். "மாட்டேன் பாய். ஏறாதுன்னு நம்புறேன். ஆனா நிச்சயமா எனக்குத் தெரியாது."

பாயின் முகம் தெளிந்தது. "ரெண்டு நாளா இந்தக் கடைக்கு வந்தவகள்ல, தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாங்க. வெரசா வெட்டிருங்க."

மைத்துனர் போட்ட கையெழுத்தை அடித்துவிட்டு, பாய் தம் கையெழுத்தைப் போட்டார். அடித்தல் திருத்தலோடு காகிதம் வாங்கக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி. டாக்டர் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்.

விரல் போயிற்று. மேலே ஏறவில்லை. புண் ஆறி வீட்டுக்குப் போன அன்று காலை, மனைவியின் கையையும் மைத்துனரின் தோளையும் வேண்டாமென்று விலக்கிவிட்டு, பாய் சரிவில் தனியாக இறங்கினார். நான் ஆய்வுக்கூட ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு அடி வைப்பார், நிற்பார், காலைக் குனிந்து பார்ப்பார், அடுத்த அடி வைப்பார். பஜார் வளைவு வரை போக வெகு நேரமாயிற்று.

அன்று சோதனைகள் எல்லாமே தாமதமாயின. டாக்டர் வந்து காரணம் கேட்டார். மைக்ராஸ்கோப்பில் ஈரம் படிந்துவிட்டது என்றேன். அவர் வெளியே அடித்த வெயிலைப் பார்த்தார். ஜன்னல் வழியே பஜார் வளைவையும் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.