கோணியூசியின் கல்யாணப் பத்திரிகைகள்

நீங்கள் படிக்கவில்லை. சென்னையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குத் தமிழ்ச்சொல் தேடிய கலைச்சொல் குழுவினரே, உங்களைத்தான் சொல்கிறேன். ஒரு மனிதரின் ஐந்து வருஷ உழைப்பைப் படிக்காமலே குப்பையில் போட்டீர்கள்.

அவருக்கு எங்கள் திண்டுக்கல் மில்லில் பெயர் கோணியூசி. மதுரை ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அவரைப் போல இன்னொரு கிறுக்கர் கிடைக்கமாட்டார். நூல் மூட்டைகளைத் தைத்து அனுப்பும் பிரிவில் அவரும் நானும் குமாஸ்தாக்கள். சாக்குத் தைக்கும் ஊசி அவர் சட்டைப் பையில் எப்போதும் குத்தியிருக்கும். அதனால் அந்தப் பெயர். கம்ப்யூட்டரை அவர் கண்ணால் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. திண்டுக்கல்லில் எவனும் கண்டதில்லை.

பம்பாயிலிருந்து யந்திரம் விற்க வந்த ஒருவன் எங்கள் மானேஜரிடம் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை விட்டுப் போனான். காந்த நாடா, அதைச் சுற்றும் பெட்டி, அட்டை படிக்கும் யந்திரம், அச்சடிக்கும் யந்திரம் என்று கம்ப்யூட்டரோடு சேர்ந்த எல்லாம் அதில் படத்தோடு இருந்தன. மானேஜர் அதைக் காபி டம்ளருக்கு அடியில் வைத்தார். கோணியூசி கேட்டு வாங்கிக்கொண்டார். பொதுமக்களும் சொற்கள் அனுப்பலாம் என்று நீங்கள் பேப்பரில் அறிவித்தீர்களே, அன்று அவருக்குப் பித்து முற்றியது.

ஒரு சொல்லைக் கட்டி முடித்ததும், விளக்கம் சொல்லாமல் அகப்பட்டவனிடம் கேட்பார். அந்தப் பொருள் என்ன வேலை செய்யும் என்று அவன் சரியாகச் சொல்லிவிட்டால் சொல் தேறியது. இல்லையென்றால் கிழித்துப் போடுவார். அய்யலூர் ஆட்டுச் சந்தையில், பேரத்தில் இருந்த வியாபாரியின் தோளைத் தட்டினார்.

“அப்பு, நாடா ஓட்டின்னா அது என்னா செய்யும்?”

“நாடாவ ஓட்டும். ஒமக்கு ஆடு வேணுமா, வேணாமா?”

“வேணாம்.”

“அப்ப அங்கிட்டுப் போய் ஓட்டும்யா!”

கோணியூசிக்கு முகமெல்லாம் பல். சொல் தேறிவிட்டதே!

கம்ப்யூட்டர் வேகமாகக் கொடுப்பதை, அச்சு யந்திரம் மெதுவாக வாங்கிக்கொள்ளும்வரை நடுவில் தேக்கிவைக்க ஓர் இடம் உண்டாம். அதற்கு ஆறு மாதமாகச் சொல் சிக்கவில்லை. ஒருநாள் தெருக்குழாயடிச் சண்டைக்கு நடுவே புகுந்தார்.

“ஏம்மா, ஆத்தூர் டேம் தண்ணி நேரா ஒங் கொடத்துக்கா வருது?”

“நேரா வந்தா நான் ஏன்யா இம்புட்டு நேரம் நிக்கிறேன்? நடுவுல தொட்டியில கெடந்துல்ல வருது!”

“இடைத்தொட்டி!” என்று கத்திக்கொண்டு ஓடினார். வரிசையைக் குலைத்ததற்காக ஒரு காலிக் குடம் அவர் பின்னாலேயே பறந்து வந்தது.

தேறிய சொற்களை எழுத அவருக்கு அட்டை வேண்டும். யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் “ரெண்டு குடு” என்பார். கல்யாணத்துக்குப் போகமாட்டார். பத்திரிகையை ஒரே அளவாக நறுக்கிப் பின்பக்கம் சொல்லை எழுதி, ஓரத்தில் வரிசையாகத் துளை போடுவார். நாடாவைப் பற்றிய சொல் என்றால் முதல் துளையை விளிம்புவரை வெட்டிவிடுவார். அச்சைப் பற்றியது என்றால் இரண்டாவது துளை. கட்டின் முதல் துளையில் ஊசியை விட்டுத் தூக்கினால் நாடாச் சொற்கள் மட்டும் பொலபொலவென்று உதிரும். மின்சாரம் இல்லாத கம்ப்யூட்டர் அது. நான் கண்ணால் பார்த்தேன்.

எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் அடுக்கி, மேலே ஊசியையும் வைத்து, எப்படி எடுப்பது என்று ஒரு தாளில் எழுதி, உங்களுக்கு அனுப்பினார்.

“நகல் எடுத்தீகளாண்ணே?” என்று கேட்டேன்.

“பூட்டு செய்யிற ஊர்ல பொறந்துட்டு என்னாப்பு இப்படிக் கேக்குற? ரெண்டு சாவி இருந்தா ஒண்ணு திருடனுக்கு.”

எட்டு மாதம் கழித்து உங்கள் கடிதம் வந்தது. ‘தாங்கள் அனுப்பிய பழைய திருமண அழைப்பிதழ்கள் செல்லரித்துத் துளை விழுந்திருந்ததால், பூச்சி மற்றக் கோப்புகளுக்குப் பரவாதிருக்க அப்புறப்படுத்தப்பட்டன.’ கூடவே ஊசியைப் பத்திரமாக ஓர் உறையில் போட்டு அனுப்பியிருந்தீர்கள். பிறர் பொருளை வைத்துக்கொள்ளாத நேர்மை! பிறகு வெளியான உங்கள் சொற்பட்டியலில் அந்த இடைத்தொட்டிக்கு ‘பஃபர்’ என்று ஆங்கிலமே இருந்தது. அதற்கு ஒரு குழு, ஏழு வருஷம்!

மில்லே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் யாரிடமும் எந்தச் சொல்லும் கேட்கவில்லை.

“மறுபடி எழுதுவோம்ணே. நான் கூட ஒக்காந்து எழுதுறேன்.”

“எழுதலாம் அப்பு. படிக்க ஆளு வேணும்ல?”

போன தை மாதம் செத்துப்போனார். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கேட்டார்:

“ஏன் அப்பு, தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு அட்டையாச்சும் எடுத்துப் படிச்சிருப்பாகளா?”

“படிச்சிருப்பாகண்ணே,” என்றேன்.

அவருக்கு அது போதுமாயிருந்தது. எனக்குப் போதாது. உங்களில் யார் படித்தீர்கள்? ஒரே ஓர் அட்டை, ஒரே ஒரு சொல்? பெயரைப் போட்டு, என் கடிதம் வரும் இந்தப் பத்திரிகையிலேயே பதில் எழுதுங்கள். அந்த மனிதரிடம் நான் அதற்குமுன் பொய் சொன்னதே இல்லை. அன்று சொன்னது பொய்யா என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும்.