எலுமிச்சம்பழம் கட்டிய மோட்டார்

சிலர் உள்ளே வந்தால் வீடே வெளிச்சமாகிவிடும் என்பார்கள். நான் உள்ளே வந்தால் பல்பு போகும்.

நிஜமாகத்தான். நான் வாசலில் நின்றால் பக்கத்து வீட்டு ரேடியோ கரகரக்கும், நகர்ந்தால் பாடும். (பாட்டுக் கேட்க ஆசைப்பட்டால் மாட்டுக் கொட்டகைக்குப் போய் நிற்பேன்.) மாமாவின் கைக்கடிகாரத்தை ஆசையாகக் கட்டிப் பார்த்தேன்; அன்று நின்றது நின்றதுதான். மூன்றாம் வகுப்போடு என் படிப்பும் நின்றது. அது மட்டும் அப்பா நிறுத்தியது.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் அண்ணன் சின்னான்தான் சொல்வான். இப்போது நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் அவன் டெய்லர். நான் வெளியே மரத்தடியில் பனியனுக்குப் பிசிறு வெட்டுவேன். ஆனால் எனக்குப் பவர் டேபிளில் உட்கார வேண்டும். ஒரே மோட்டார், ஒரே நீளத் தண்டு, வரிசையாகத் தையல் மிஷின்கள். அதில் உட்கார்ந்தால் டெய்லர். இல்லையென்றால் ஆயுசுக்கும் கத்தரிக்கோல்.

அண்ணன் கெஞ்சி என்னை உட்கார வைத்தான். மிதித்தேன். மோட்டாரிலிருந்து பெல்ட் கழன்று வரிசை மொத்தமும் நின்றது.

மறுநாள், மிஷின் பழுது பார்க்கும் பிட்டர் ராமசாமி மோட்டாருக்கு மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். மிதித்தேன். நின்றது. இன்னொரு சரம் கட்டினார். மறுபடி நின்றது. நாளாக ஆக அந்த மோட்டார் நோம்பிக்குச் சோடித்த அம்மன் மாதிரி ஆகிவிட்டது. நான்தான் பேய் மாதிரி நின்றேன்.

கடைசியில் முதலாளி வந்தார். "கண்ணு, தப்பா நெனச்சுக்காத. இன்னைக்கும் நின்னுச்சுன்னா நாளையிலிருந்து நீ ஊட்டுலயே இருந்துக்க சாமி."

(கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதைக்கூட எங்கள் ஊரில் மரியாதையாகத்தான் செய்வார்கள்.)

மிதித்தேன். நின்றது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எழுந்து போய் மோட்டாரையே திட்டினேன். "உனக்கு நான் என்ன பண்ணுனேன்? என்ன கண்டா மட்டும் ஏன் நிக்கற?" திட்டிக்கொண்டே குனிந்தால், பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடக்கிறது. சாறு வழிந்து பெல்ட் வழவழவென்று இருந்தது.

அண்ணன் வந்து பார்த்தான். "ஏனுங்க பிட்டரே, கண்ணு படாம இருக்கக் கட்டுனீங்களா, ஊறுகா போடக் கட்டுனீங்களா?"

"மொத நாளு பழமே இல்லீங்களே தம்பி," என்றார் ராமசாமி.

"மொத நாளு பெல்ட்டு லூசுங்க. அப்பறம் நின்னதெல்லாம் உங்க பழத்தாலதானுங்க."

அத்தனை சரத்தையும் நானே பிய்த்து எறிந்தேன். அண்ணன் பெல்ட்டைத் துடைத்து இறுக்கிப் போட்டான். உட்கார்ந்து மிதித்தேன். தண்டு உறுமியது. ஓடியது. நான் தைத்த முதல் பனியனுக்கு ஒரு கை குட்டை, ஒரு கை நெட்டை. யாருக்கு வேண்டும் கை? மிஷின் ஓடியது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

எல்லாத் தலைகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின. வாசலில் சைக்கிளில் வந்து இறங்கியவர், "பக்கத்து ஊரு நெருப்பெரிச்சல்லயும் கரண்ட்டு இல்லீங்க," என்றார்.

அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி நின்றான். "கேட்டுக்கங்க. ஒத்த மோட்டார நிறுத்தறவன்னு எந்தங்கச்சிய கேவலமா பேசுனீங்க. அவ ஊரையே நிறுத்தறவ."

முதல் ஆளாகச் சிரித்தது முதலாளிதான். "அப்ப இவள வெளிய உடறதுதான் ஆபத்து. நாளையிலிருந்து டேபிள்லயே உக்காரு கண்ணு."

நான் டெய்லர் ஆனேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எப்போது கரண்ட் போனாலும் ஏச்சு எனக்குத்தான்.

இந்தத் தை மாதம் காய்ச்சலில் அண்ணன் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியத்தன்று ராத்திரி சொந்தமெல்லாம் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போனது. அவன் போனதிலிருந்து வாயே திறக்காத அம்மாவின் குரல் இருட்டில் கேட்டது.

"ஆராச்சும் அந்தப் புள்ளயச் சித்த வெளிய கூட்டிட்டுப் போங்க. சொந்தம் சோறு திங்கோணும்."

முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் அந்த இருட்டு முழுக்கச் சிரித்தது.