கண்ணாடிக்காரர் பாட்டுக் கண்டெடுத்த படலம்

வாழ்க அவர். உலகத்தார் எல்லாரும் வெறுமனே பாட்டுக் கேட்டுக் கிடந்த காலத்தில், தாம் ஒருவர் மட்டும் பாட்டைக் கண்டெடுத்த செவிச்செல்வர் வாழ்க. மூக்குக்கண்ணாடிக் கடையின் இருட்டறையில், வந்தமர்ந்தோர் மூக்கின்மேல் சோதனைச் சட்டத்தை ஏற்றி, வில்லை எடுத்து வில்லை செருகி, “இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருக்கா” என்று பகலெல்லாம் வினவி, மங்கிய கண்களுக்கெல்லாம் ஒளி வழங்கி, அப்பணியையும் ஒரு பொருட்டாக எண்ணாது, தம் பிறவிப்பயன் செவியிலேயே உள்ளது எனத் தெளிந்த சிந்தையர் வாழ்க. இன்னார் என்று அவர் திருப்பெயரை உரைக்க நம் நாவுக்குத் தகுதி போதாது. வீட்டாரும் கடையாரும் அழைக்கிறபடி கண்ணாடிக்காரர் என்றே நாமும் சொல்லிப்போவோம். அவரும் கண்ணாடி போட்டவர்தான், அதை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவார்.

தேவரும் அசுரரும் கூடிப் பாற்கடலைக் கடைந்தார்கள் என்பர். கூட்டம் சேர்த்துக்கொண்டு கடைவதில் என்ன பெருமை இருக்கிறது? கண்ணாடிக்காரரோ தனியொருவராய், பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி இட்டு, காதிரண்டிலும் இயர்போன் என்னும் கவசம் பூண்டு, ஒற்றைக் கட்டைவிரலையே மத்தாக்கிக் கைபேசியைக் கடைந்தார். ஆண்டு முழுதும் கடைந்தார். கொடியில் காயும் துணியின் ஈரம் தோளில் சொட்டவும் அசையாது கடைந்தார். அக்கடைசலில் திரண்ட அமுதத்தைக் கேளுங்கள். கதவொன்று கிறீச்சிடும் ஓசையோடு தொடங்கி அதே ஓசையோடு முடியும் பாட்டு ஒன்று. பாடகர் வாய் திறப்பதற்குள் கேட்பவரின் காபி ஆறிப்போகும் பாட்டு ஒன்று. எந்த மொழி என்று அவருக்கே தெரியாத, தெரியாததே அதன் சிறப்பு என்று கடையில் பில் போடும் பெண்ணிடம் அவர் விளக்கிக் களைத்த பாட்டு ஒன்று. பத்துப் பேர் தலையாட்டிய பாட்டின் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கமாட்டார். துணிக்கடையில் ஒலிப்பது, லிஃப்டுக்குள் ஒலிப்பது, கல்யாண வீடியோவின் பின்னால் இழுபடுவது ஆகிய மூவகையையும் குப்பை என்ற ஒரே சொல்லால் பெருக்கித் தள்ளுவார். தவத்தின் நடுவே, சமையலறையில் மனைவி முனகும் ஓசை இயர்போனையும் துளைத்துக்கொண்டு வந்துவிட்டால், “கொஞ்சம் சும்மா இரேன், பாட்டுத் தேடிக்கிட்டிருக்கேன்” என்பார். அவளும் சும்மா இருந்துவிடுவாள்.

ஆயினும், அந்தோ, மாவீரருக்கும் அடிபடும் இடம் என்று ஒன்று உண்டு. கண்ணாடிக்காரருக்கு அது மனைவியின் கட்டைவிரல். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அமர்ந்து, வீங்கிய கன்னத்தோடு வருவோரை எல்லாம் “உட்காருங்க, கூப்பிடறேன்” என்னும் இரு சொல்லால் அடக்கி ஆளும் அவளுக்கு, தாம் கண்டெடுத்த பாட்டை அவர் சூடு ஆறுமுன் அனுப்புவார். பாட்டு ஏழு நிமிடம் ஓடும். அவளுடைய கட்டைவிரல் சின்னமோ, அனுப்பிய கை கீழே இறங்குமுன் வந்து சேரும். கேட்காமலே தூக்கிய கட்டைவிரல் அது என்று அறிய நுண்செவி தேவையில்லை. ஒரே ஒரு பாட்டையாவது அவள் முழுதாகக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். மூவுலகையும் துச்சமென்று ஒதுக்கிய அம்மனிதருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அவள் கூப்பிட்டு எதையாவது காட்டியபோது இவர் பார்த்தாரா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

இனி எதிரியைப் பாடுவோம். மனைவியின் தம்பி, மாடி வீட்டில் தன் தந்தையோடு குடியிருப்பவன், உடற்பயிற்சிக் கூடத்தில் ஊரார் தொப்பையோடு போர்தொடுப்பதைப் பிழைப்பாகக் கொண்டவன். அவன் விரும்பும் பாட்டில் சொல் இராது, சுருதி இராது, தொம் தொம் என்னும் முரசு ஒன்றே இருக்கும். ஆதலின் கண்ணாடிக்காரர் தம் மனத்துக்குள் அவனுக்குச் சூட்டிய பட்டம் தொம்தொம். ஆண்டின் கடைசி ஞாயிறன்று இரு வீட்டாரும் கீழ்வீட்டுக் கூடத்தில் கூடுவதும், அவ்வாண்டில் தான் புதிதாகக் கண்டெடுத்த பாட்டுகளில் தலைசிறந்தது ஒன்றை ஒவ்வொருவனும் ஸ்பீக்கரில் ஒலிக்கவிடுவதும், மாமனாரும் அவர் மகளும் நீதிபதிகளாய் இருந்து தீர்ப்புரைப்பதும், வென்றவன் பாட்டே வரும் ஆண்டின் ஞாயிறுதோறும் அக்கூடத்தை ஆள்வதும் அக்குடும்பம் தனக்குத்தானே விதித்துக்கொண்ட தண்டனை. சென்ற ஆண்டு வென்றவன் தொம்தொம். அவன் பாட்டுக்கு மாமனாரின் கால் தாளம் போட்டதே சான்றாக ஏற்கப்பட்டது. கால் மரத்துப்போனதால் உதறியதாக மாமனார் பிறகு சொன்ன வாக்குமூலம் எடுபடவில்லை. அன்றுமுதல் ஞாயிறுதோறும் அந்தக் கூடத்துச் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்துகொண்டிருந்தன.

இந்நிலையில்தான், விடாமழை பெய்து கடைக்கு ஆள் வராத ஒரு பிற்பகலில், அமுதங்களுக்கெல்லாம் அமுதம் திரண்டது. ஒற்றைக் கிதார், அதன்மேல் ஓர் ஆண்குரல், பாதிவழியில் கிதாரும் கைவிட்டு ஒதுங்க, துணையற்ற குரல் மட்டும் மூச்சுப்பிடித்து உச்சிக்கு ஏறும் ஓர் இடம். பாடியவன் பெயர் இல்லை, படம் இல்லை. அதுவரை கேட்டவர்களை எல்லாம் ஒரு வேனில் ஏற்றினாலும் இருக்கை மிஞ்சும். கண்ணாடிக்காரர் மெய்சிலிர்த்தார், வில்லைப் பெட்டியைக் கைநழுவ விட்டார். முதன்முறை கேட்கும்போதே அடுத்த வரியின் ஏற்றமும் இறக்கமும் இன்னதென அவர் உள்ளம் முந்திக்கொண்டு அறிந்தது கண்டு, இது முற்பிறவித் தொடர்பு என்று அங்கேயே முடிவுகட்டினார். இந்தப் பிறவியிலேயே எங்காவது கேட்டிருக்கலாமே என்னும் சில்லறைச் சந்தேகம் அத்தகைய உள்ளத்தில் எழுமா? எழவில்லை. உலகம் கைவிட்ட மேதை ஒருவன், ஒட்டிய கன்னமும் குழிந்த கண்ணுமாய், எங்கோ மலைமுகட்டில் தனியே அமர்ந்து பாடுவதாக அவர் எண்ணிக்கொண்டார். இந்தப் பாட்டை மட்டும் மனைவிக்கு அனுப்பவில்லை. போர்நாளுக்கென்று பொத்திவைத்தார்.

போர்நாளும் வந்தது. சோபாவை இழுத்துப்போட்டுக் களம் அமைத்தாயிற்று. செங்கல் அளவே ஆன, கறுத்த மேனியும் கணீர்க் குரலும் உடைய ஸ்பீக்கர் நடுவில் கொலுவீற்றிருந்தது. எந்தக் கைபேசி முந்திப் பற்றுகிறதோ அதற்கே அடிமை என்னும் கொள்கையில் வழுவாதது அது. தொம்தொம், மாடிப்படியில் இறங்கும்போதே, செருப்பும் கழற்றாமல், அதைத் தன்வசப்படுத்தினான். வெற்றி முரசமாய்த் தொம் என்ற ஒரே ஓர் அடி கூடத்தை உலுக்கிற்று. கண்டார் கண்ணாடிக்காரர். கண் சிவந்தார். சோபாவைத் தாண்டி, மாமனாரின் நீட்டிய காலைத் தாண்டி, இரைமேல் பாயும் பருந்தெனப் பாய்ந்து, அலறும் ஸ்பீக்கரை மார்போடு தழுவி, வெகுளி பொங்க, வேட்டி நழுவ, ஒரே ஓட்டமாய் ஓடிக் குளியலறை என்னும் கோட்டைக்குள் புகுந்து தாழிட்டார். உள்ளே வாளியைக் கவிழ்த்துப்போட்டு அமர்ந்து, ஸ்பீக்கரை அணைத்து, உயிர்ப்பித்து, தம் கைபேசியோடு மணமுடித்து வைத்தார்.

முற்றுகை தொடங்கியது.

“மாமா, இதெல்லாம் ஆட்டத்துல சேராது. வெளிய வாங்க,” என்றான் வெளியே நின்ற பகைவன்.

கோட்டைக்குள்ளிருந்து பிரகடனம் எழுந்தது. “என் பாட்டுதான் முதல்ல. முடியற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. நடுவுல பேசக் கூடாது. முக்கியமா யாரும் போன் பார்க்கக் கூடாது. ஒத்துக்கிட்டா கதவு திறக்கும்.”

மானம் பெரிதென்று பகைவனும் நிற்க, பாட்டு பெரிதென்று வீரரும் இருக்க, முற்றுகை யுகக்கணக்கில் நீண்டிருக்கும். ஆனால் மாமனார் காலையில் நீர்மாத்திரை போட்டிருந்தார்.

“மாப்பிள்ளை, எனக்கு அவசரம்,” என்றார் அவர் கதவைத் தட்டி. பிறகு மகன் பக்கம் திரும்பி, “ஒத்துக்கிட்டேன்னு சொல்லித் தொலைடா,” என்றார்.

உடன்படிக்கை கையெழுத்தானது. கோட்டை திறந்தது. நனைந்த வேட்டியும் நிமிர்ந்த தலையுமாய் வீரர் வெளிப்பட, மாமனார் உட்புகுந்தார்.

அனைவரும் அமர்ந்தனர். மனைவி உலர்ந்த துணிகளைக் கூடையோடு கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டாள். துணி மடிக்கக் கூடாது என்று உடன்படிக்கையில் இல்லை. கண்ணாடிக்காரர் எழுந்து நின்று, “இந்த ஊர்லயே இந்தப் பாட்டைக் கேட்ட முதல் ஆள் நான். அடுத்த ஆள் நீங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்,” என்று மொழிந்து, விரலால் தொட்டார். கிதார் எழுந்தது. அவர் கண் மனைவியின் முகத்தை விட்டு அகலவில்லை. முதல் தந்தி அதிர்ந்ததுமே தலையணை உறையை மடித்த அவள் கை நின்றுபோனதைக் கண்டார். தொம்தொம் உதட்டைக் கடித்துக் குனிந்துகொண்டதையும் கண்டார். தோல்வியின் வேதனையை அடக்குகிறான் என்று இரங்கினார். குரல் எழுந்தது. மனைவி புன்னகைத்தாள். ஓராண்டுத் தவம் பலித்தது என்று வீரரின் தோள்கள் பூரித்தன.

“இப்ப உங்க பெரியப்பா கொட்டாவி விடுவாரு,” என்றாள் அவள்.

உடன்படிக்கை மீறப்பட்டதையும் மறந்து கண்ணாடிக்காரர் விழித்தார்.

“இப்ப என் சிநேகிதி படியில தடுக்கி விழப் பார்ப்பா.”

“அடுத்து நான் வருவேன்,” என்றார் மாமனார், மூடிய கண் திறவாமல். “கையில பெரிய பார்சலோட.”

கிதார் ஒதுங்கியது. துணையற்ற குரல் மூச்சுப்பிடித்து உச்சிக்கு ஏறியது.

“இப்ப நீங்க,” என்றாள் மனைவி. அதற்குமேல் சொல்லவில்லை. மடித்த தலையணை உறையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

பாட்டு முடிந்தது. வானம் இடிந்து விழவில்லை. விழுந்திருந்தால் கண்ணாடிக்காரருக்கு வசதியாக இருந்திருக்கும். “என்ன நடக்குது இங்க?” என்றார்.

“நம்ம கல்யாண வீடியோல வர்ற பாட்டுங்க இது.”

“நான் கேட்டதே இல்லையே.”

“எப்படிக் கேட்டிருப்பீங்க? ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்த்ததில்ல. கல்யாண நாளுக்குக் கல்யாண நாள் கூப்பிடறேன். பின்னாடி ஓடற பாட்டு சகிக்கலைன்னு பால்கனிக்குப் போயிடுவீங்க. நான் தனியா பார்ப்பேன்.”

அடக்கியிருந்த சிரிப்பு அணையுடைத்துப் பாய, தொம்தொம் எஞ்சிய அம்பையும் எய்தான். “வீடியோக்காரர்கிட்ட இந்தப் பாட்டைப் போடச் சொன்னதே நான்தான் மாமா. என்கூட காலேஜ்ல படிச்சவன் பாடினது. இப்ப நம்ம ஜிம்முக்குத்தான் வர்றான். தொப்பை இறங்க மாட்டேங்குது.” மலைமுகடு சரிந்தது, ஒட்டிய கன்னம் உப்பிற்று, உலகம் கைவிட்ட மேதை, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி டிரெட்மில் என்னும் ஓட்டப் பட்டையின்மேல் மூச்சிரைக்க ஓடத் தொடங்கினான். மாமனார் தொண்டையைச் செருமித் தீர்ப்புரைத்தார். இவ்வாண்டின் தலைசிறந்த பாட்டு இதுவே என்றும், இதைக் கண்டெடுத்தவன் தம் மகனே என்றும், ஸ்பீக்கர் அவனிடமே இருக்கும் என்றும் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடினார்.

வீழ்ந்த வீரருக்கு ஒரே ஒரு கேள்வி மிஞ்சியிருந்தது. இருட்டறையில் ஆயிரம் முறை கேட்டுப் பழகிய குரலில், ஆனால் சற்றுத் தாழ்த்தி, மனைவியைக் கேட்டார். “உனக்கு நல்லா இருக்கா?”

“எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டுங்க. சமைக்கும்போது முனகிக்கிட்டிருப்பேனே, இதுதான். நீங்க நிறுத்தச் சொல்வீங்க.”

முழுதாகக் கேட்டாள், வாய்திறந்து சொன்னாள். ஓராண்டு ஆசை எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. அதில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை. முற்பிறவி என்று அவர் எண்ணியது தம் வீட்டுச் சமையலறைதான் என்பதும் தெளிவாயிற்று, அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

ஆனால் வெட்கத்தால் வீழ்ந்து கிடப்பது வீரருக்கு அழகன்று. கண்ணாடிக்காரர் எழுந்தார். “எங்க இருக்கு அந்த வீடியோ? இப்பவே பார்க்கறேன்,” என்று சூளுரைத்தார். இழுப்பறை திறந்தது, பென் டிரைவ் வெளிப்போந்தது, டிவியின் முதுகில் அதைத் தாமே செருகினார். கழுத்தில் தொங்கிய காதுக் கவசங்களைக் கழற்றி எறிந்து, கைபேசியை அலமாரிமேல் வைத்து, இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக மனைவியின் அருகே சோபாவில் அமர்ந்து, குப்பை என்று தாம் பெருக்கித் தள்ளிய அந்தப் பாட்டு எழ, சொன்னது சொன்னபடி பெரியப்பா கொட்டாவி விட, சிநேகிதி தடுக்கி நிமிர, மாமனார் பார்சல் சுமந்து மேடையேற, கிதார் ஒதுங்கி வழிவிட, துணையற்ற அந்தக் குரல் மூச்சுப்பிடித்து உச்சிக்கு ஏறும் அப்பெரும் கணத்தில், மணமேடையில் தனியே கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் மணப்பெண்ணை விட்டுக் கேமரா மெல்ல, மிக மெல்ல, பக்கத்தில் வீற்றிருந்த மணமகனை நோக்கித் திரும்ப, அவர் இமையாது நோக்கினார்.

மாப்பிள்ளை போன் பார்த்துக்கொண்டிருந்தார்.