கொலுவில் வைத்த இன்ஜின்

என் மைத்துனன் சம்பத் என்னிடம் ஒப்படைத்த கார் இன்ஜினைக் கெடுத்தவன் நான். தெரியாமல் செய்தது பாதி. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தது மீதி. இரண்டாவது பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கார், என் மாமனாரின் பழைய அம்பாசிடர். பல வருடங்களாக ஓடாமல் மன்னார்புரத்தில் மகன் சம்பத்தின் பிளாட் வாசலில் நின்றது. ஸ்ரீரங்கத்தில் நடக்கவிருந்த தன் எண்பது வயது சதாபிஷேகத்துக்கு அதில்தான் வரவேண்டும் என்று மாமனார் ஆசைப்பட்டார். மெக்கானிக் இன்ஜினை இறக்கிவிட்டு, உதிரி பாகங்கள் வர மாதக்கணக்காகும் என்றார். நான் என் காரை விற்றுவிட்டதால் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு ஷெட் காலியாக இருந்தது. இன்ஜின் லோடு ஆட்டோவில் வந்து, ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தது.

"அத்திம்பேர், ஓட்டையெல்லாம் துணி வச்சு அடைச்சிருக்கேன். எடுத்துடாதீங்கோ. தண்ணி படாம பாத்துக்கோங்கோ" என்றான் சம்பத்.

"பிசிக்ஸ் வாத்தியார்கிட்ட சொல்றே" என்றேன்.

நவராத்திரி வந்தது. ஹால் சின்னது என்பதால் எங்கள் வீட்டுக் கொலு ஷெட்டில்தான். "அதைக் கொஞ்சம் ஓரமா நகத்துங்கோ" என்றாள் என் மனைவி கோமளா. (வேலைக் காலம் முழுவதும் நெம்புகோல் பாடம் நடத்தியவன் நான். நெம்புகோலைக் கையால் தொட்டது அன்றுதான்.) கடப்பாரையால் நெம்பினேன். இன்ஜின் நகர்ந்தது, நான் நினைத்த பக்கம் அல்ல. டயரிலிருந்து சரிந்து, படி கட்ட வேண்டிய இடத்துக்கு முன்னால் நட்டநடுவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. கையெல்லாம் கிரீஸ். கைக்கெட்டிய ஒரு துணியை உருவித் துடைத்துக் குப்பையில் போட்டேன்.

கோமளா வந்து பார்த்தாள். "இனிமே தொடாதீங்கோ. மலையாப் பண்ணிடலாம்."

கொலுவில் மண்ணைக் குவித்துக் கடுகு தூவி, பச்சையாக முளைக்கவைத்து மலை செய்வது வழக்கம்தான். இன்ஜின் மேல் சாக்கைப் போர்த்தி மண் பூசினோம். மலைக்கோட்டை என்று பெயர் வைக்கலாம் என்றேன்.

"ஸ்ரீரங்கத்துல இருந்துண்டு மலைக்கோட்டையா? திருமலைன்னு சொல்லுங்கோ" என்றாள்.

திருமலைக்குத் தினமும் காலையில் சொம்பால் தண்ணீர் தெளித்தது நான். சுண்டல் வாங்க வந்த ஒரு மாமி, "எங்காத்துல இவ்வளவு பச்சையா முளைக்கவே மாட்டேங்கறதே. என்ன போடறேள்?" என்று கேட்டாள். "பொறுமை" என்றேன்.

ஒரு நாள் காலையில்தான் கவனித்தேன். ஊற்றிய தண்ணீர் தரைக்கு வரவே இல்லை. எங்கே போகிறது என்று யோசித்த அதே கணத்தில் நான் கை துடைக்க உருவிய துணி நினைவுக்கு வந்தது; அது இன்ஜின் ஓட்டையை அடைத்திருந்த துணி. அப்போதே மண்ணை வாரிவிட்டு சம்பத்தைக் கூப்பிட்டிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். ஆனால் அன்று மாலை தெருவே மலையைப் பார்க்க வருவதாக இருந்தது. பேசாமல் இருந்தேன். (மறுநாளிலிருந்து தண்ணீரைக் குறைத்தேன். அதைக் கருணை என்று நினைத்துக்கொண்டேன்.)

நவராத்திரி முடிந்ததும் மண்ணைக் கழுவித் துடைத்து, புதுத் துணி வைத்து அடைத்தேன். பாகங்கள் வந்தபோது சம்பத் இன்ஜினை எடுத்துப் போனான். மறுநாள் போன் செய்தான்.

"உள்ள எல்லாம் துருப்பிடிச்சு இறுகிடுத்து, அத்திம்பேர்."

"காவிரிக்கரை ஈரம், சம்பத். ஷெட்டுக்குள்ள இறங்கிடறது."

"இருக்கலாம்" என்றான்.

சதாபிஷேகத்துக்கு மாமனார் வாடகை டாக்சியில் வந்தார். இறங்கியதும், பழக்கத்தில் பானெட்டைத் தட்டிக்கொடுக்கக் கையைக் கொண்டுபோனவர், பாதியில் இழுத்துக்கொண்டார். "உங்க வண்டியா? நன்னாயிருக்கு" என்று டிரைவரிடம் சொன்னார். நான் மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் சம்பத்தைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் அத்திம்பேர். இன்ஜினைப் பிரிச்சப்போ உள்ள கடுகு முளைச்சிருந்தது. காவிரி ஈரத்துல கடுகு முளைக்குமா?"

"ஏன் கேக்கலை?"

"நீங்களே சொல்வேள்னு இருந்தேன்."

அதன்பின் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினேன். மணப்பாறையில் ஒரு பழைய டாக்சியின் இன்ஜின் கிடைத்தது. வரும் வழியில் தூறியது. லோடு ஆட்டோவின் பின்னால் உட்கார்ந்து, குடையை என் தலைக்குப் பிடிக்காமல் அதற்குப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அந்த இன்ஜினோடு கார் ஓடத் தொடங்கியபோது மாமனார் படுக்கையை விட்டு எழ முடியாதவராகியிருந்தார். சம்பத் காரை ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி ஸ்டார்ட் செய்தான். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நம்ம வண்டிச் சத்தமாட்டம் இருக்கே."

"நம்ம வண்டிதான் மாமா" என்றேன்.

"இத்தனை நாள் இந்தச் சத்தம் எங்க இருந்தது?"

"எங்காத்துல. கொலுவுல வச்சிருந்தேன்."

நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கொலுவுலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு, மூச்சு வாங்கும் வரை சிரித்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். அந்தக் காரில் அவர் கடைசிவரை ஏறவில்லை.

இப்போதும் நவராத்திரிக்குச் சம்பத் அந்தக் காரில்தான் வருகிறான். கோமளாவிடம் ஒரு கடுகுப் பொட்டலம் கொடுப்பான். என்னிடம் ஒரு பழந்துணியை நீட்டி, "கை துடைச்சுக்கோங்கோ, அத்திம்பேர்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்தத் துணிகளில் ஒன்றைக்கூட நான் குப்பையில் போட்டதில்லை.